திங்கட்கிழமை வயிற்றுவலி

தியானப் பகுதி: உபாகமம் 6:4–9



சென்ற புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் குருமனை வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்களுடைய மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். “ஐயா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாம் என்று இருவரும் யோசிக்கிறோம். இது வேதத்துக்கு விரோதமா? சட்டத்துக்கு விரோதமா? சொந்தக்காரர்கள் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்கிறார்கள்” என்றார் அந்தத் தகப்பனார். ஒரு வாரம் பொறுத்துப் பதில் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பினேன். பதில் தெரியாததால் தவணை கேட்கவில்லை. பதிலைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு என் மனைவியிடமும் மகனிடமும் அனுமதி பெறவேண்டியிருந்தது. இருவரும் அனுமதித்தார்கள். ஆகவே அந்தத் தம்பதியருக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் யாவருக்குமாக இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்துவந்தேன். ஆலயத்துக்கு அருகிலேயே சபையின் தொடக்கப்பள்ளி இருந்தது. சேகர குரு என்ற முறையில் நானே அதற்குத் தாளாளர். பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். ஆகையால் மே மாதக் கடைசியில் தலைமையாசிரியரோடு வீடுவீடாகச் சென்று, பிள்ளைகளை நம் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கேட்பேன். அப்படிக் கேட்ட நான், என் மகனைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நகரத்திலிருந்த ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேனில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை அப்போது எவரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மகனுக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை காலைதோறும் அவனுக்கு வயிற்றுவலி வரும். சில நாள் வாந்தியும் எடுப்பான். முதலில் ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சாப்பாட்டைக் குறை சொன்னோம். பிறகு பூச்சி மருந்து கொடுத்தோம். மூன்றாம் முறையாக மருத்துவரிடம் கொண்டுபோனபோது அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “திங்கட்கிழமை பள்ளியில் என்ன நடக்கும்?” என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை எழுதிய தேர்வுத்தாள்களைத் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் மதிப்பெண்ணை உரக்க வாசித்துத் திருப்பித் தருவது அங்கே வழக்கம். குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அந்த வாரம் முழுவதும் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். என் மகன் ஜூன் மாதத்திலிருந்து அந்த வரிசையைவிட்டு எழுந்ததேயில்லை. அவனுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தன. தமிழிலும் அப்படித்தான், ஆங்கிலத்திலும் அப்படித்தான். டிஸ்லெக்சியா என்னும் பெயரை நாங்கள் பிற்பாடே கேட்டோம். காதால் கேட்டதை ஒருபோதும் மறக்காத பிள்ளையாதலால், மனப்பாட வசனங்களை ஓய்வுநாள் பாடசாலையில் முதலாவதாகச் சொல்லிப் பரிசு வாங்கினான். அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதை அந்தப் பரிசுகள் எங்களுக்கு மறைத்துவிட்டன.

அந்த ஆசிரியையை நான் குற்றப்படுத்தவில்லை. ஒரே அறையில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்கக் கூடும்? குற்றம் எங்கிருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. அன்று நான் பிரசங்கித்த பகுதி உபாகமம் ஆறாம் அதிகாரம். தேவனுடைய வார்த்தைகளைப் பெற்றோர் தாங்களே பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கவேண்டும், வீட்டிலும் வழியிலும் படுக்கும்போதும் எழும்பும்போதும் அவற்றைப் பேசவேண்டும் என்று மோசே கட்டளையிடுகிறார். நாற்பது நிமிடம் அதை விவரித்தேன். மறுநாள் காலை என் மகன் கிணற்றடியில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது, “சீக்கிரம், வேன் வந்துவிடும்” என்று நான்தான் அதட்டினேன்.

அந்த அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவனை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. ஆசிரியர் பயிற்சி பெற்றிருந்த என் மனைவி தன் தற்காலிக வேலையை விட்டுவிட்டாள். இரண்டரை ஆண்டுகள் குருமனைத் திண்ணையே அவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

சபையில் உண்டான கலக்கத்தை நான் மறைக்கமாட்டேன். சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஒரு பெரியவர் எழுந்து நின்றார். “ஐயா, நம் பள்ளிக்கூடத்துக்கு உங்கள் பிள்ளை வரவில்லை, பொறுத்துக்கொண்டோம். இப்போது எந்தப் பள்ளிக்கூடத்துக்குமே போகவில்லை. இனி நாங்கள் எந்த முகத்தோடு பிறருடைய பிள்ளைகளைக் கேட்கப் போவது?” என்றார். அவருக்கு எழுபத்தாறு வயது. அவருடைய பாட்டியார் மிஷன் பள்ளியில் எழுத்தறிந்தவர். அந்தக் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் பெண் அவரே. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிரியமானவர்களே, பள்ளிக்கூடத்தைக் குறைகூறுவது நம்மைப் போன்ற சபையாருக்கு எளிதல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு முதலில் சொன்னவர்களில் திருச்சபையும் ஒன்று. மார்ட்டின் லூத்தர் 1524ஆம் ஆண்டு ஜெர்மானிய நகர மன்றத்தாருக்குப் பள்ளிகளை நிறுவும்படி கடிதம் எழுதினார். 1530இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, குடிகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி ஆளுவோர் கட்டாயப்படுத்தலாம் என்றே வாதிட்டார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். திண்ணைப் பள்ளியின் வாசலை மிதிக்க அனுமதிக்கப்படாத சாதிகளின் பிள்ளைகள் சிலேட்டைக் கையில் ஏந்தியது நம் மிஷன் பள்ளிகளில்தான்.

நம் தேசத்தில் கட்டாயக் கல்வி கேட்டுப் போராடியவர்கள் ஏழைகளின் பக்கம் நின்றவர்கள். கோபால கிருஷ்ண கோகலே 1911இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அது மறு ஆண்டு தோற்கடிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவுத் திட்டம், பசித்த பிள்ளையைப் பாடத்துக்கு அழைத்துவந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. அந்தச் சட்டத்தை வாசித்தால் ஒன்று விளங்கும். ‘கட்டாயம்’ என்னும் சொல்லை அது முதலாவது அரசாங்கத்தின்மேல் சுமத்துகிறது. பிள்ளைக்குப் பள்ளி கொடுப்பதும், அவன் சேர்ந்து, வந்து, படித்து முடிப்பதை உறுதிசெய்வதும் அரசின் கடமை. பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கவேண்டியது அவர்களுடைய கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் குறிப்பிடவில்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை.

வேறு தேசங்களில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று தகப்பன்மார், எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். பதினாறு வயது வரை அனுப்பவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தகப்பன்மாரின் விசுவாச உரிமையை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியிலோ நிலை வேறு. விசுவாசத்தின் காரணமாகத் தங்கள் பிள்ளைகளை வீட்டில் கற்பிக்க விரும்பிய ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் தள்ளிவிட்டது. பலவகை மக்களோடு கலந்து வளர்வதும் கல்வியின் ஒரு பகுதி என்பது அந்த அரசின் வாதம். இரண்டு தீர்ப்புகளிலும் யோசிக்கத்தக்க நியாயம் இருக்கிறது.

ஆயினும் பள்ளிக்கூடத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட விமர்சனங்களை நாம் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். அவற்றைச் சொன்னவர்கள் கல்வியின் பகைவரல்லர். ஜான் ஹோல்ட் வகுப்பறையில் நின்று கற்பித்த ஆசிரியர். பிள்ளைகள் எவ்வாறு தோற்கிறார்கள் என்பதைக் குறித்து 1964இல் அவர் எழுதிய நூலில், தம் மாணவர்கள் பாடத்தைச் சிந்திப்பதைவிட, ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையை ஊகித்து வெட்கத்துக்குத் தப்புவதிலேயே தங்கள் அறிவைச் செலவிடுகிறார்கள் என்று காட்டினார். பள்ளியைத் திருத்த முயன்று களைத்தபின், வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்காக 1977இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். கத்தோலிக்கக் குருவாயிருந்த இவான் இல்லிச், பள்ளி இல்லாத சமுதாயத்தைக் குறித்து 1971இல் எழுதினார். சான்றிதழைத் திறமை என்றும், வகுப்பேறுவதைக் கற்றல் என்றும் எண்ணும்படி உலகம் பழகிவிட்டது என்பது அவருடைய வருத்தம். நியூயார்க்கில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கற்பித்து, 1991இல் அந்த மாநிலத்தின் சிறந்த ஆசிரியராயிருந்த ஜான் டெய்லர் காட்டோ அதே ஆண்டில் வேலையை விட்டு விலகினார். மணி அடித்தவுடன் எதையும் பாதியில் விட்டுவிடப் பழகிய பிள்ளை, எதையும் முழுமையாய் நேசிக்கக் கற்பதில்லை என்னும் கருத்தை அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார்.

அவர்கள் சொன்ன யாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் என் மகன் கடைசி வரிசையில் அமர்ந்து முன்னாலிருப்பவனின் உதட்டசைவைப் பார்த்து வாசிப்பதுபோல் வாயசைத்ததை அறிந்தபின், ஹோல்ட் பொய் சொன்னார் என்று நான் எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்கல்வியைப் பற்றி நினைக்கும்போது திருச்சபை மறவாத ஒரு தாய் சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தின் எப்வொர்த் குருமனையில் தம் பிள்ளைகளுக்கு அவரே ஆசிரியர். காலை மூன்று மணிநேரம், மாலை மூன்று மணிநேரம் பாடம். ஐந்து வயது நிறைந்தவுடன் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்பித்துவிடுவார். வாசிப்பின் முதல் பாடம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். நன்றாக வாசிக்கத் தெரியுமுன் எந்தப் பெண்பிள்ளையையும் வீட்டுவேலைக்குப் பழக்கக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மாத்திரம் எழுத்தறிய ஒன்றரை நாள் ஆயிற்று. அவர்களை மந்தமானவர்கள் என்று தாம் எண்ணியதையும், பிற பிள்ளைகள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டதையும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வீட்டிலும் ஒரு தாய் தன் பிள்ளையை மந்தமென்று எண்ணிவிடக் கூடும். ஆனால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள அவளுக்கு நேரமும் அன்பும் இருக்கின்றன. ஜான் வெஸ்லி பத்து வயதில் லண்டனுக்குப் பள்ளிக்குச் சென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தத் தாய் வீட்டைப் பள்ளிக்கு எதிரியாக நிறுத்தவில்லை.

எங்கள் திண்ணையில் என்ன நடந்தது? என் மனைவி பழைய முறைக்குத் திரும்பினாள். தாம்பாளத்தில் மணல் பரப்பி, எழுத்தை விரலால் எழுதி, வாயால் சொல்லச் செய்தாள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது அவமானமாயிருக்குமோ என்று நான் பயந்தேன். பார்ப்பதற்கு எவரும் இல்லாததால் அவனுக்கு அது விளையாட்டாயிருந்தது. ‘ட’வும் ‘ப’வும் பிரிந்து தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. என் தகப்பனாரின் பெரிய எழுத்து வேதாகமத்தில் வரிக்குக்கீழ் ஓர் அட்டையை வைத்து ஒரு நாளைக்கு மூன்று வரி வாசித்தான். அசனப் பண்டிகை வந்தபோது சமையல்காரர் ஏழு பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று கணக்குச் சொன்னார். அறுநூறு பேருக்கு எவ்வளவு என்று மகனிடம் கேட்டோம். புளியங்கொட்டைகளை அடுக்கி, பிறகு தாளில் எழுதி, எண்பத்தாறு கிலோ என்றான். “தொண்ணூறாக வைத்துக்கொள் தம்பி, வெளியூரார் வருவார்கள்” என்று சமையல்காரர் சிரித்தார். மிச்சம் எதற்காக வைக்கவேண்டும் என்பதையும் அவன் அன்று கற்றுக்கொண்டான். திங்கட்கிழமை வயிற்றுவலி எந்த வாரத்தோடு நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை. நின்ற பிறகு ஒருநாள்தான் கவனித்தோம்.

இதுவரை வாசித்தவர்கள், வீட்டுக்கல்வியே கர்த்தருடைய வழி என்று நான் முடிக்கப்போகிறேன் என்று நினைக்கலாம். இனிச் சொல்வதையும் கேளுங்கள்.

முதலாவது, என் தவறு. ஆங்கிலமும் அறிவியலும் மாலையில் நான் கற்பிப்பதாக வாக்களித்திருந்தேன். அடக்க ஆராதனை, கமிட்டி, திருமண ஆலோசனை, பக்கத்துக் கிராமத்து ஜெபம் என்று வாரத்தில் நான்கு நாள் அந்தப் பாடம் நடைபெறவில்லை. மகாத்மா காந்தியின் சுயசரிதையில் இதைப்போன்ற ஒரு பகுதி உண்டு. 1897இல் டர்பனுக்குத் திரும்பிய அவர், தம் மக்களை அங்கிருந்த பள்ளிகளுக்கு அனுப்ப மனமில்லாமல் வீட்டிலேயே கற்பித்தார். ஆனால் பொதுப்பணி அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது. தாம் விரும்பிய அளவு நேரம் கொடுக்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பட்டம் பெற்றவர்களைக் காணும்போதெல்லாம் மக்களுக்குத் தங்கள் குறை உறுத்தியது என்பதையும் எழுதுகிறார். மூத்த மகன் ஹரிலாலின் மனக்கசப்பு நாடறிந்தது. வேதாகமத்திலோ நமக்கு ஏலி இருக்கிறார். ஆலயத்தில் பிறருடைய பிள்ளையாகிய சாமுவேலைக் கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடுக்கப் பழக்கியவர், தம்முடைய ஓப்னியையும் பினெகாசையும் இழந்துபோனார். ஊழியக்காரன் என்ற முறையில் 1 சாமுவேலின் முதல் அதிகாரங்களை நடுக்கமின்றி என்னால் வாசிக்க முடிவதில்லை.

இரண்டாவது, மகனுடைய தனிமை. மாலை நாலு மணிக்குச் சபைப் பள்ளிக்கூடம் விடும்போது அவன் குருமனை மதிலருகே போய் நிற்பான். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கடந்துபோவார்கள். சிலர் கையசைப்பார்கள். அவன் உள்ளே வந்தபின் சிறிதுநேரம் பேசமாட்டான்.

மூன்றாவதைச் சொல்லக் கூசுகிறேன். எங்கள் வீட்டுச் செய்தி பரவிய ஆறாம் மாதத்தில், சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் எட்டாம் வகுப்பு முடித்த தம் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தினார். அந்தப் பகுதியில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுவார்கள். அந்தப் பிள்ளையும் தாயோடு அமர்ந்து இலை வெட்டத் தொடங்கினாள். நான் போய்க் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. மரியாதையோடு, “ஐயாவே மகனை வீட்டில்தானே வைத்திருக்கிறீர்கள்” என்றார்.

அந்த வார்த்தைக்குமுன் என் நியாயங்கள் யாவும் வாயடைத்துப்போயின. நான் படித்தவன், என் மனைவி ஆசிரியை, எங்கள் வீட்டில் புத்தகமும் மாதச் சம்பளமும் இருந்தன. பள்ளிக்கூடத்தை விட்டால் வேறொன்றைக் கொடுக்க எங்களால் முடிந்தது. அந்தப் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே வாசலாயிருந்தது. கட்டாயம் என்னும் சட்டம் அவளைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. மறுநாள் என் மனைவி அவர்கள் வீட்டுக்குப் போனாள். பல முறை போனாள். அந்தப் பிள்ளை காலையில் எங்கள் திண்ணைக்கு வர அனுமதி பெற்றாள். நான்கு மாதத்துக்குப் பின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். பத்தாம் வகுப்பை அவள் முடித்தாள், அதற்குமேல் படிக்கவில்லை. அந்த நான்கு மாதங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதைக் கர்த்தர் அறிவார். அதில் என் பங்கையும் அவர் அறிவார்.

கமிட்டியில் என்னைக் கேட்ட பெரியவரிடம் பிறகு நான் தனியே போனேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். அவரும் ஒன்றை ஒப்புக்கொண்டார். தாம் பணியிலிருந்த முப்பத்தாறு ஆண்டுகளில் ‘இவன் தேறமாட்டான்’ என்று கைவிட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எழுத்து இடம் மாறித் தெரிந்திருக்குமோ என்று யோசித்துத் தூக்கம் வரவில்லை என்றார். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் சபைப் பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவரும் என் மனைவியும் மணல் தாம்பாளத்தோடு உட்கார்ந்தார்கள். என் மகனும் அவர்களோடு உட்கார்ந்தான். வீட்டில் கற்றது பள்ளிக்குள் போனது அப்படித்தான்.

ஆமிஷ் வழக்கில் நீதிபதி டக்ளஸ் என்பவர் ஓரளவு மாறுபட்டு எழுதிய தீர்ப்பு ஒன்று உண்டு. பெற்றோரின் உரிமையையும் அரசின் உரிமையையும் பேசுகிறோம். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டோமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. மகனுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது நாங்களும் கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “போகிறேன் அப்பா. ஆனால் வேனில் வேண்டாம். சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கட்டும்” என்றான். கல்வி உரிமைச் சட்டம் இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்வதால், ஊரிலிருந்த அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இடம் கிடைத்தது. முதல் நாளே அந்த வகுப்பாசிரியரைக் கண்டு அவனுடைய குறையைச் சொன்னோம். முன்பு நாங்கள் ஒருபோதும் செய்யாத காரியம் அது.

இப்போது அந்த இளம் தம்பதியருக்கு என் பதில்.

நீங்கள் கேட்பது வேதத்துக்கு விரோதமன்று. தீமோத்தேயு தன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் விசுவாசத்தைக் கற்றான். ஆனால் அன்னாள் தன் பிள்ளையைப் பால்மறந்தவுடன் ஆலயத்தில் ஒப்புவித்தாள். மோசே தாயின் மடியிலும் வளர்ந்தார், பார்வோனின் அரண்மனையிலும் கற்றார். கர்த்தர் இரண்டு வழியிலும் மனிதரை உருவாக்கியிருக்கிறார். பிள்ளை எங்கே கற்றாலும், அதற்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள் பெற்றோர் என்பதுதான் மாறாதது.

ஆகவே சில கேள்விகளை ஜெபத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். இது யாருக்காக? பிள்ளையின் தேவைக்காகவா, நம் பயத்துக்காகவா, பெருமைக்காகவா, வசதிக்காகவா? உலகம் அசுத்தமானது என்று பிள்ளையை ஒளித்துவைப்பதற்காக என்றால், வேண்டாம். நாள்தோறும் எத்தனை மணிநேரம் இருவரில் யார் கொடுப்பீர்கள்? அதைத் தாளில் எழுதிவையுங்கள், நான் எழுதிவைக்கவில்லை. பிள்ளைக்கு விளையாட்டுத் தோழர் எங்கே? வருங்காலத் தேர்வுக்கு வழி என்ன? 1989இல் மத்திய அரசு நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை எழுதலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாக, பிள்ளையின் ஆசிரியையை ஒருமுறை நேரில் கண்டு பேசினீர்களா? நாங்கள் பேசியிருந்தால் ஒருவேளை கடைசி வரிசையே மாறியிருக்கும்.

இவற்றுக்குப் பின்னும் வீட்டில் கற்பிப்பதே நலம் என்று கண்டால், சபை உங்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லாது. வாரத்தில் ஒருநாள் உங்கள் மகளைக் குருமனைக்கு அனுப்புங்கள். மணல் தாம்பாளம் இன்னும் இருக்கிறது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பெரும்பாலோர் அனுப்பத்தான் செய்வோம், அனுப்பவும் வேண்டும். ஆனால் கட்டணத்தோடு கடமையையும் செலுத்திவிட்டதாக எண்ணாதிருப்போம். இன்று இரவு பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேளாமல், “நாளைக்குப் பள்ளியில் என்ன நடக்கும்?” என்று கேட்டுப்பாருங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அவன் தரையைப் பார்த்தால், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

என் மகனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பட்டயப் படிப்பு முடித்து, காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். இன்றும் மெதுவாகத்தான் வாசிப்பான். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் குடும்ப ஜெபத்தில் அவன் முறைவரும்போது, வரிக்குக்கீழ் விரலை வைத்துக்கொண்டு வாசிப்பான். நாங்கள் யாரும் அவசரப்படுத்துவதில்லை. அதிகாரம் நீளமாயிருந்தால் அடுப்பில் சோறு சற்றுக் குழைந்துபோகும்; அவ்வளவுதான்.

ஜெபிப்போம்: பரம தகப்பனே, எங்கள் கையில் நீர் தந்த பிள்ளைகளை எங்களுடைய கனவுகளின்படியல்ல, நீர் உண்டாக்கினபடி காண எங்கள் கண்களைத் திறந்தருளும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் அருகில் நீர் அமரும். நாற்பதும் ஐம்பதுமான பிள்ளைகளைச் சுமக்கும் ஆசிரியர்களுக்குப் பொறுமையையும் பெலனையும் தாரும். படிப்பை இழந்து வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளுக்காக எங்களை உறங்கவிடாதேயும். பிறருக்குப் போதித்து எங்கள் வீட்டை மறந்த எங்களை மன்னியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.